குடல் வாசலில் நிற்கும் காவலாளர்



இந்த இதழின் மருத்துவப் பாடத்தில், நம் ஒவ்வொருவருடைய சரீரத்திலும் இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கிற, ஆனாலும் நாம் ஒருபோதும் உணராத ஒரு காவல் வேலையைக் குறித்துப் படிக்கப் போகிறோம். சற்றுப் பொறுமையோடு வாசித்தால் இது எல்லாருக்கும் விளங்கும். உங்கள் காணிக்கைகள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதும் கூடவே விளங்கும்.

வயிற்றுப்போக்கோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பிள்ளைகள் வார்டுக்கு வரும் தாய்மார் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். "ஒரே குடத்துத் தண்ணிதான் எல்லாரும் குடிச்சோம். பெரியவனுக்கு ஒண்ணும் ஆகல. இந்தச் சின்னதுக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு?" நியாயமான கேள்விதான். இந்தப் பாடம் முழுவதும் அதற்கான பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

இது சிறிய காரியம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, வயிற்றுப்போக்கினால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆண்டுதோறும் சுமார் 4,40,000 பேர் மரிக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். இந்த மரணங்களில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும் என்பதுதான் நம்மைச் சும்மா இருக்கவிடாத செய்தி.

குடல் எப்படிப்பட்ட இடம்?

நம் தோல் தடிப்பானது. கிருமிகள் அதைத் துளைத்து உள்ளே போவது கடினம். குடலின் உட்சுவர் அப்படிப்பட்டதல்ல. சிறுகுடல் மட்டும் சுமார் 6 மீட்டர் நீளம். அதன் உட்பக்கம் மடிப்பு மடிப்பாகவும், குடலுறிஞ்சிகள் என்னும் நுண்ணிய விரல் போன்ற முளைகளால் நிறைந்தும் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் விரித்து வைத்தால் சுமார் 30 சதுர மீட்டர் பரப்பு, அதாவது இரண்டு மூன்று அறைகளின் தரை அளவு வரும். இந்தப் பரப்பு முழுவதையும் ஒரே ஒரு அடுக்குச் செல்கள்தான் மூடியிருக்கின்றன. அந்தச் செல்களும் மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்து, புதியவை அந்த இடத்துக்கு வருகின்றன.

இவ்வளவு மெல்லிய சுவர் ஏன்? உணவின் சத்து அதன் வழியாக இரத்தத்திற்குள் போக வேண்டும். சுவரைத் தடிப்பாகக் கட்டினால் கிருமி வராது. சோறும் உள்ளே போகாது. ஆகவே சத்துக்குத் திறந்தும் கிருமிக்கு மூடியும் இருக்கவேண்டிய வாசல் இது.

அந்த வாசலுக்கு வெளியே நிற்கிற கூட்டமோ மிகப் பெரியது. ஒரு மனிதனுடைய சரீரத்தில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்வதாக 2016-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவற்றில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. இவற்றில் அநேகம் நமக்கு நன்மை செய்கிறவை. நம்மால் செரிக்க முடியாத நாரைச் செரித்துக் கொடுப்பதும், சில வைட்டமின்களை உண்டாக்கித் தருவதும் அவைதான். ஆகையால் எல்லாரையும் விரட்டிவிடவும் கூடாது. யாரையும் சுவருக்குள் நுழையவிடவும் கூடாது.

இதற்குச் சிருஷ்டிகர் பல தடைகளை வைத்திருக்கிறார். வயிற்றின் அமிலம் அநேகக் கிருமிகளை அழித்துவிடுகிறது. குடல் சுவரின்மேல் வழவழப்பான கோழைப் படலம் போர்வை போலப் படர்ந்திருக்கிறது. அந்தப் போர்வையில் நின்று காவல் காப்பவையே நாம் இன்று படிக்கிற எதிர்ப்பொருள்கள்.

காவலாளர் கண்டறியப்பட்ட விதம்

கிருமிகளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதத்திற்கு எதிர்ப்பொருள் என்று பெயர். மருத்துவர்கள் ஆன்டிபாடி என்பார்கள். நெடுங்காலமாக இவை இரத்தத்தில் மட்டுமே வேலை செய்கின்றன என்று எண்ணியிருந்தார்கள்.

பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பெஸ்ரெட்கா என்பவர், செத்த சீதபேதிக் கிருமிகளை முயல்களுக்கு வாய்வழியாகக் கொடுத்தார். இரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த முயல்கள் நோயைத் தாங்கி நின்றன. குடலுக்கென்று தனிப் பாதுகாப்பு ஒன்று உண்டு என்று 1919-இல் அவர் சொன்னார். 1922-இல் டேவிஸ் என்னும் ஆய்வாளர், சீதபேதி நோயாளிகளின் மலத்திலேயே எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டார். அதுவும் இரத்தத்தில் தோன்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே அங்கே தோன்றியிருந்தது!

அந்தப் பொருள் இன்னதென்று தெரிய மேலும் பல ஆண்டுகள் சென்றன. பெல்ஜியம் நாட்டின் ஹெரெமன்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் 1959-இல் அந்த வகை எதிர்ப்பொருளைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். அது இப்போது இம்யூனோகுளோபுலின் ஏ, சுருக்கமாக ஐ.ஜி.ஏ. என்று அழைக்கப்படுகிறது. உமிழ்நீர், கண்ணீர், தாய்ப்பால், குடல்நீர் இவைகளில் சுரக்கும் ஐ.ஜி.ஏ.வுக்கு இரத்தத்திலுள்ளதைவிட வேறுபட்ட தனி அமைப்பு உண்டு என்பதை 1965-இல் அமெரிக்காவின் தோமாசி குழுவினர் விளக்கினார்கள்.

இன்று நமக்குத் தெரிந்த உண்மை ஆச்சரியமானது. நம் சரீரத்தில் எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் செல்களில் ஏறக்குறைய 80 சதவீதம் குடலில்தான் குடியிருக்கின்றன. ஒரு நாளில் 3 முதல் 5 கிராம் ஐ.ஜி.ஏ. குடலுக்குள் ஊற்றப்படுகிறது. மற்ற எல்லா வகை எதிர்ப்பொருள்களையும் சேர்த்தாலும் இந்த அளவு வராது. காவலாளரில் மிகுதியானோர் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ஆபத்து மிகுந்த வாசலில்தானே!

பயிற்சியும் பயணமும்

இந்தக் காவலாளருக்குப் பயிற்சிப் பள்ளி உண்டு. சிறுகுடலின் சுவரில் ஆங்காங்கே பேயர் திட்டுகள் என்னும் சிறு மேடுகள் இருக்கின்றன. 1677-இல் சுவிட்சர்லாந்து தேசத்து மருத்துவராகிய பேயர் இவற்றை விவரித்து எழுதினார். இவற்றின் வேலை என்ன என்பது ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கிற்று.

அந்த மேடுகளின் மேற்புறத்தில் எம் செல்கள் என்று சில விசேஷ செல்கள் உண்டு. குடலில் போகும் கிருமிகளில் சிலவற்றை இவை மாதிரிக்காகப் பிடித்து, கீழே காத்திருக்கும் வெள்ளை அணுக்களிடம் ஒப்படைக்கின்றன. அங்கே அந்தக் கிருமியின் அடையாளம் படிக்கப்படுகிறது. படித்துத் தேறிய வெள்ளை அணுக்கள் நிணநீர் வழியாகப் புறப்பட்டு, இரத்தத்தில் கலந்து, சரீரத்தைச் சுற்றி வந்து, மறுபடியும் குடலின் சுவருக்கே திரும்புகின்றன. அவை தங்கள் வீட்டைக் கண்டுபிடிப்பதற்கான முகவரிச் சீட்டும் அவற்றின்மேல் எழுதியிருக்கிறது போலும்! அங்கே பிளாஸ்மா செல்களாகி, தாங்கள் படித்த கிருமிக்குரிய ஐ.ஜி.ஏ.வை உண்டாக்கத் தொடங்குகின்றன.

உண்டாக்கிய இடம் சுவருக்கு உட்பக்கம். காவல் வேலையோ சுவருக்கு வெளிப்பக்கம். எப்படிப் போய்ச் சேருவது? குடல் சுவரின் செல்களே இதைச் செய்கின்றன. இரண்டிரண்டாக இணைக்கப்பட்ட ஐ.ஜி.ஏ.வை ஒரு கைப்பிடி போன்ற புரதத்தால் பற்றி, தன் உடலுக்குள்ளே கடத்தி, மறுபக்கத்தில் வெளியே விடுகிறது ஒவ்வொரு செல்லும். விடும்போது அந்தக் கைப்பிடியில் ஒரு பகுதி ஐ.ஜி.ஏ.வோடு ஒட்டிக்கொண்டே போகிறது. இது வீணாய்ப் போனதல்ல. இறைச்சியையும் பருப்பையும் கரைத்துவிடுகிற செரிமான நீர்கள் நிறைந்த இடம் குடல். ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பகுதி ஒரு கவசமாக நின்று, காவலாளனைக் கரைந்துபோகாமல் காக்கிறது.

கொல்லாமல் காக்கும் விதம்

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே. இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் கிருமியைக் கண்டால் எச்சரிப்பு மணி அடித்தது போலப் பெரும் படையைக் கூட்டிவிடும். காய்ச்சல், வீக்கம், சீழ் எல்லாம் அந்தப் போரின் அடையாளங்கள். காலில் முள் குத்தினால் இது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வாய்ச் சோற்றோடும் கிருமிகள் வருகிற குடலில், நாள்தோறும் இப்படிப் போர் நடந்தால் மெல்லிய சுவர் என்னவாகும்? புண்ணாகிப் போகும். சோறும் செரிக்காது.

ஐ.ஜி.ஏ. அந்த வழியில் போவதில்லை. கிருமியின் மேல்தோலில் ஒட்டிக்கொள்கிறது. சுவரைப் பிடிக்கக் கிருமி வைத்திருக்கும் கொக்கிகளை மூடிவிடுகிறது. பல கிருமிகளைச் சேர்த்துக் கட்டுகிறது. கட்டப்பட்டவை கோழையில் சிக்கி, குடலின் அசைவில் கீழே தள்ளப்பட்டு, மலத்தோடு வெளியேறிவிடுகின்றன. சத்தமில்லை, சண்டையில்லை. வாசல் மட்டும் காக்கப்படுகிறது.

2017-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர விஞ்ஞானிகள் எலிகளில் மற்றொரு வழியையும் கண்டார்கள். கிருமி ஒன்று இரண்டாகப் பெருகும்போது, ஐ.ஜி.ஏ. அந்த இரண்டையும் பிரியவிடாமல் ஒட்டவைத்துவிடுகிறது. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, எல்லாம் ஒரே கொத்தாகவே இருக்கின்றன. கொத்தாக இருப்பவை சுவரை அணுக முடிவதில்லை.

சில கிருமிகள் தங்கள் விஷத்தால் கெடுதி செய்கின்றன. காலரா அப்படிப்பட்டது. அந்தக் கிருமி இரத்தத்திற்குள் நுழைவதேயில்லை. குடலில் இருந்துகொண்டே ஒரு விஷத்தை விடுகிறது. சரீரத்தின் தண்ணீர் எல்லாம் குடலுக்குள் வடிந்துபோகிறது. இந்த விஷம் இருப்பதை 1959-இல் கல்கத்தாவில் முயல்களின் குடலைக் கொண்டு நிரூபித்தவர் நம் நாட்டு விஞ்ஞானியாகிய சம்பு நாத் டே. ஐ.ஜி.ஏ. அந்த விஷத்தையும் பற்றிக்கொண்டு, குடல் செல்லைத் தொடவிடாமல் தடுக்க வல்லது.

நெகேமியாவின் நாட்களில் எருசலேமின் மதிலைக் கட்டினவர்கள் காவலுக்காகக் கட்டுமானத்தை நிறுத்தவில்லை. கட்டுமானத்திற்காகக் காவலையும் கைவிடவில்லை. நம் குடலிலும் அப்படியே. சத்து உறிஞ்சும் வேலை நடந்துகொண்டே இருக்கிறது. காவலும் நடந்துகொண்டே இருக்கிறது.

காவலாளர் இல்லாமல் பிறக்கும் குழந்தை

கர்ப்பத்திலிருக்கும்போது தாயின் இரத்தத்திலுள்ள ஒரு வகை எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. ஆனால் ஐ.ஜி.ஏ. அப்படிப் போவதில்லை. பிறக்கும் பிள்ளையின் குடலில் சொந்தக் காவலாளர் இல்லை. அவர்கள் உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும். எண்ணிக்கை நிறைய மாதங்கள் பிடிக்கும். பிறந்த நிமிஷத்திலிருந்தே கிருமிகளோ உள்ளே வரத் தொடங்கிவிடுகின்றன. வாசல் திறந்திருக்கிறது, காவல் இல்லை. அந்த இடைவெளியை யார் நிரப்புவது?

தாய்தான். பேயர் திட்டுகளில் பயிற்சி பெற்ற வெள்ளை அணுக்கள் குடலுக்குத் திரும்புகின்றன என்று பார்த்தோம் அல்லவா? பால் சுரக்கும் காலத்தில் அவற்றில் ஒரு பகுதி தாயின் மார்புக்கும் போகிறது. அங்கே தங்கி, பாலுக்குள் ஐ.ஜி.ஏ.வைச் சுரக்கிறது. தாய் குடித்த தண்ணீர், தாய் வாழும் வீடு, தாயின் கை பட்ட மண் இவைகளிலுள்ள கிருமிகள் எவையோ, அவைகளுக்கே உரிய எதிர்ப்பொருள் அவள் பாலில் இருக்கிறது. பிள்ளையைத் தாக்கப்போவதும் அதே வீட்டுக் கிருமிகள்தானே! எந்தத் தொழிற்சாலையும் செய்து டப்பாவில் அடைக்க முடியாத மருந்து இது. அந்தந்த வீட்டுக்கென்று, அந்தந்த நாளுக்கென்று சுரக்கிறது.

முதிர்ந்த தாய்ப்பாலில் லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம் ஐ.ஜி.ஏ. இருக்கிறது. முதல் சில நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலிலோ அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. சீம்பாலின் அளவு சில தேக்கரண்டிகள்தான். ஆனால் அது காவலாளரால் நிறைந்த தேக்கரண்டி.

இது வெறும் கருத்தல்ல. வங்காளதேசத்தின் மத்லப் கிராமப் பகுதியில் காலரா கண்ட வீடுகளில் நடந்த ஒரு ஆய்வு 1983-இல் வெளியாயிற்று. தாய்மாரின் பாலிலுள்ள காலரா எதிர்ப்பொருளை அளந்து, அவர்களுடைய பிள்ளைகளைக் கவனித்தார்கள். அதிக எதிர்ப்பொருள் உள்ள பாலைக் குடித்த பிள்ளைகளின் குடலிலும் காலராக் கிருமி வந்து சேரத்தான் செய்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் நோயில் விழுவது குறைந்திருந்தது. கிருமி வாசல் வரைக்கும் வந்தும், காவல் நின்றபடியால் வீடு பிழைத்தது.

இவ்வளவு நன்மையிருந்தும் நம் ஊர்களில் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிடும் வழக்கம் இன்னும் அடியோடு ஒழியவில்லை. அதற்குப் பதிலாகச் சேனை வைப்பார்கள். சில ஊர்களில் கழுதைப்பால் கொடுப்பார்கள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் இந்தியாவில் நூற்றுக்கு 42 பேர்தான்.

கிராமப் பணிக்குச் செல்லும் எங்கள் செவிலியர் ஒருவரிடம் ஒரு பாட்டியம்மாள் சொன்னார்: "தாயி, அந்த மஞ்சப் பாலு பல நாளா மார்ல கட்டிக் கிடந்தது. பச்சப் புள்ளைக்குச் செரிக்குமா? பீச்சி ஊத்திட்டோம்." செவிலியர் கோபிக்கவில்லை. "பாட்டி, நாத்து நடறதுக்கு முன்னால வரப்பு கட்டுவீங்கல்ல? அந்த மஞ்சப் பாலு புள்ள வயித்துக்குக் கட்டுற வரப்பு. வரப்ப வெட்டி விட்டா வயல்ல தண்ணி நிக்குமா?" என்றார். பாட்டியம்மாள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த ஆண்டில் இளைய மகளின் பிரசவத்தின்போது, "மொதல்ல அந்த மஞ்சப் பாலக் குடுங்கடி" என்று சொன்னவர் அவரேதான். பிள்ளை பிறந்த வீட்டில் மருத்துவர் சொல்லுக்கு இருக்கும் மதிப்பைவிடப் பாட்டி சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்பதை நாங்கள் அறிவோம். ஆகவேதான் எங்கள் செவிலியர்கள் பாட்டிமாரைத் தேடிப் போகிறார்கள்.

சொட்டு மருந்தின் பாடம்

தாய் கொடுக்கும் காவல் இரவல் காவல். பால் நின்றால் அதுவும் நிற்கும். பிள்ளையின் குடல் தானே கற்றுக்கொள்ள வேண்டும். நோயில் விழாமல் கற்றுக்கொள்வதற்கான வழியே வாய்வழிச் சொட்டு மருந்து.

இளம்பிள்ளைவாதத்தை உண்டாக்கும் போலியோ வைரஸ் வாய் வழியாக வந்து குடலில் பெருகுகிறது. 1955-இல் வந்த சால்க் தடுப்பூசி இரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி, கால் விளங்காமற்போவதைத் தடுத்தது. ஆனால் குடலில் வைரஸ் பெருகுவதை அது போதிய அளவு தடுக்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் வந்த சேபின் சொட்டு மருந்து குடலிலேயே ஐ.ஜி.ஏ.வை எழுப்பியது. ஆகையால் ஒரு பிள்ளையிலிருந்து இன்னொரு பிள்ளைக்கு நோய் பரவுவதையும் தடுத்தது.

ஆனாலும் மேல்நாட்டில் மூன்று தவணையில் கிடைத்த பலன் நம் நாட்டில் கிடைக்கவில்லை. இதை முதன்முதல் எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். நம் பிள்ளைகளுக்கு அதிகத் தவணைகள் தேவை என்பது அவர் 1972-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து விளங்கிற்று. 1995 முதல் நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டதை நீங்கள் நினைவுகூருவீர்கள். உங்களில் அநேகர் ஆலய வளாகங்களில் அந்த மையங்களுக்கு உதவியிருப்பீர்கள். 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு சிறு பெண் பிள்ளைக்கு வந்ததே நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ இல்லாத தேசம் என்று சான்று பெற்றது. தேவனுக்கு ஸ்தோத்திரம்!

அதே 2014-இல் வேலூரிலிருந்து மற்றொரு செய்தியும் வந்தது. முன்பே பலமுறை சொட்டு மருந்து பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு ஊசி போட்டபோது, குடலின் காவல் மறுபடியும் பலப்பட்டது. வாய் வழியே முதலில் கற்றுக்கொண்ட குடலுக்கு ஊசி பழைய பாடத்தை நினைப்பூட்டுகிறது. இன்று நம் அரசாங்கம் சொட்டு மருந்தும் ஊசியும் இரண்டும் கொடுப்பதில் இப்படிப்பட்ட பலன் உண்டு.

பிள்ளைகளின் கடுமையான வயிற்றுப்போக்குக்கு முக்கிய காரணம் ரோட்டா வைரஸ். 1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் அம்மையாரும் அவர் குழுவினரும் இதைக் கண்டறிந்தார்கள். நம் நாட்டில் உருவான சொட்டு மருந்தின் மூலக் கிருமி, 1980-களில் டெல்லியில் நோயில்லாமல் இருந்த பச்சிளங் குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்டது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் இது பரிசோதிக்கப்பட்டு, கடுமையான ரோட்டா நோயில் பாதிக்குச் சற்று அதிகமானதைத் தடுத்தது. 2016 முதல் அரசாங்கத் தடுப்பு மருந்துத் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. 6, 10, 14 வாரங்களில் இலவசமாய்க் கொடுக்கப்படுகிறது. சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் தாய்ப்பால் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில்: தாராளமாகக் கொடுக்கலாம்.

காவல் தளரும்போது

செல்வ நாடுகளில் ரோட்டா சொட்டு மருந்து பத்தில் எட்டுக்கு மேற்பட்ட கடுமையான நோயைத் தடுக்கும்போது, ஏழை நாடுகளில் ஏன் பாதிதான்? வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த பிள்ளைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளியாயிற்று. மூன்று முறை ரோட்டா தொற்று வந்து போன பின்பும், அடுத்த முறை நோய் கடுமையாகாமல் காக்கும் பாதுகாப்பு 79 சதவீதம்தான் இருந்தது. மெக்சிகோ நாட்டிலோ இரண்டு தொற்றுகளே கடுமையான நோயை முற்றிலும் தடுத்திருந்தன.

பிள்ளை தவழும் தரையிலும், குடிக்கும் நீரிலும், உண்ணும் கையிலும் மலக் கிருமிகள் ஓயாமல் இருந்தால், குடலுறிஞ்சிகள் தட்டையாகித் தேய்கின்றன. சத்தும் சரியாகச் சேருவதில்லை. சத்தில்லாத சரீரம் போதிய காவலாளரை உருவாக்குவதில்லை. காவல் தளர மறுபடியும் வயிற்றுப்போக்கு. வயிற்றுப்போக்கினால் இன்னும் மெலிவு. எங்கள் வார்டில் இந்தச் சுழலில் சிக்கிய பிள்ளைகளை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்.

எவ்வளவு நல்ல காவலாளனானாலும், ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வாசலை நெருக்கினால் என்ன செய்வான்? ஆகவே சுத்தமான தண்ணீரும், கழிப்பறையும், சோப்பும் காவலாளனுக்கு உதவிக்கு வரும் தோழர்கள். இவை வாசலுக்கு வரும் கூட்டத்தைக் குறைக்கின்றன.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பெரியவன் அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருக்கலாம். அவன் குடல் அதன் முகத்தை அறியும். சின்னவளின் குடல் இப்போதுதான் முதன்முறையாக அதைப் பார்க்கிறது. அவளுக்குச் சீம்பால் கிடைத்ததா, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கிடைத்ததா, சொட்டு மருந்துகள் முடிந்தனவா, எடை சரியாக ஏறினதா என்பவற்றைப் பொறுத்து அவள் காவல் பலமாகவோ பலவீனமாகவோ இருக்கும். ஒரே குடத்துத் தண்ணீர்தான். குடித்த குடல்கள் வேறு வேறு.

காவல் தோற்று நோய் வந்துவிட்டாலும் நம்பிக்கை உண்டு. ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக்கூடாது. மருத்துவர் சொன்ன அளவில் துத்தநாக மாத்திரையை 14 நாட்கள் கொடுக்கவேண்டும். கண் குழிந்தாலோ, பிள்ளை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும்.

உங்கள் பங்கு எங்கே?

பிரியமானவர்களே, குடலின் காவலாளரை நாம் விலைக்கு வாங்க முடியாது. அவர்களைத் தேவன் தாயின் மார்பிலும் பிள்ளையின் குடலிலும் வைத்திருக்கிறார். ஆனால் அந்தக் காவல் நிற்பதற்கான வழிகளைச் செவ்வைப்படுத்தும் பணி நம்முடையது.

உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி, பிரசவ வார்டில் முதல் மணி நேரத்திலேயே தாயின் அருகில் உட்கார்ந்து பால் கொடுக்கக் கற்றுத்தரும் செவிலியரைத் தாங்குகிறது. ஒரு பகுதி கிராமங்களுக்குப் போகும் வண்டிக்கு டீசலாகிறது. ஒரு பகுதி தடுப்பு மருந்துகளைக் குளிர்ச்சியில் வைக்கும் பெட்டிக்கு, மின்சாரம் நிற்கும் நேரங்களில் ஜெனரேட்டரை ஓட்டுகிறது. அரசாங்கம் இலவசமாய்க் கொடுக்கும் சொட்டு மருந்தும் வெயிலில் சூடேறினால் பயனற்றுப் போகும் அல்லவா? மற்றொரு பகுதி, பணமில்லாமல் வரும் பிள்ளையின் படுக்கைக்கும் குளுக்கோஸ் பாட்டிலுக்கும் ஆகிறது. பெரிய கட்டிடம் போலக் கண்ணுக்குத் தெரிகிற வேலையல்ல இது. ஆனால் பிள்ளைகள் வார்டுக்கு வராமலே வளர்கிற பிள்ளைகள் இந்த வேலையின் கனிகள். அவர்களுடைய படத்தை நாங்கள் இந்த இதழில் போட முடியாது. அவர்கள் எங்களிடம் வரவேயில்லையே!

கூட்டங்களில் கலந்து பேச

பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் இந்தப் பாடத்தை வாசித்து, கீழ்க்கண்டவற்றைக் கலந்து பேசலாம்.

1. நம் ஊரில் பிறந்த குழந்தைக்கு முதலில் என்ன கொடுக்கிறார்கள்? சீம்பாலைக் குறித்து மூத்தவர்கள் என்ன நினைக்கிறார்கள்?
2. நம் சபையில் தடுப்பு மருந்துத் தவணை தவறிய பிள்ளைகள் உண்டா? அவர்களை யார் அழைத்துச் செல்வது?
3. ஆலயத்திலும் ஞாயிறு பள்ளியிலும் பிள்ளைகள் கைகழுவச் சோப்பும் தண்ணீரும் இருக்கின்றனவா?
4. வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வைத்திருக்கிறோமா? கரைக்கும் விதம் தெரியுமா?

ஜெபக் குறிப்புகள்

இந்த மாதத்தில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளும் முதல் மணி நேரத்திலேயே தாய்ப்பால் பெற ஜெபியுங்கள். மழைக்காலத்தில் குடிதண்ணீர் கெட்டுப்போகாமலிருக்கவும், எங்கள் பிள்ளைகள் வார்டில் இரவில் விழித்திருந்து பணி செய்யும் செவிலியர்களின் பெலனுக்காகவும் ஜெபியுங்கள். வெயிலிலும் புழுதியிலும் வீடு வீடாய்ப் போகும் கிராமப் பணியாளர்களையும், அவர்கள் சந்திக்கும் பாட்டிமாரையும் மறவாதிருங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காப்பாராக.

கர்த்தரின் பணியில் உங்கள் அன்புள்ள,
மருத்துவமனைக் குடும்பத்தார்